கார்டின் மேல் ஒட்டிய அட்சதை

அத்தியாயம் ஆறு

மாங்காடு காமாட்சியம்மன் கோயிலிலிருந்து ஜெயராமன் நாலு மணிக்குத் திரும்பி வருவார். வந்ததும் மேஜை மேல் இருக்கும் போலீஸ் புகாரில் கையெழுத்துப் போடுவார். போட்டுவிட்டால், இருபத்தைந்து வயது சௌம்யா கம்பெனி ரகசியத்தைத் திருடி விற்றவள். அப்புறம் அம்பத்தூரிலிருந்து ஓசூர் வரை எந்தக் கம்பெனியும் அவளை வாசலில்கூட நிறுத்தாது.

இப்போது மணி ஒன்றே கால். துப்பறியும் நிபுணர் சாராள் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு பொண்ணோட பொழப்பு தொங்கிக்கினு கீது. நீ இன்னாடான்னா ஊறுகாயத் தேடிக்கினு கீற" என்றான் உதவியாளன் செங்கல்வராயன்.

"பசியில யோசிச்சா பாக்கறவங்க எல்லாம் திருடனாத் தெரிவாங்க. ஊறுகா எங்க?"

"நான் துன்ட்டேன்."

"பாத்தியா, ஒரு கேஸ் முடிஞ்சுது."

சாராளைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடலாம். அரக்கோணம் லைனில் பத்தொன்பது வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். பெட்டிக்குள் ஏறியதும் யார் ஜன்னல் வழியாக அக்கறையாக வயலைப் பார்க்கிறார்களோ, நேராக அவர்களிடம் போய்க் கை நீட்டுவாள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பட்டாபிராமில் ஒரு பேக்கரியின் மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தாள். செங்கல்வராயன் ஆவடி, பூந்தமல்லி ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டியவன். அவளுடைய முதல் வழக்கில் சாட்சி சொல்ல வந்தான். நாலு வருஷமாகியும் வீட்டுக்குப் போகவில்லை.

அவர்கள் உட்கார்ந்திருந்த இடம் வேகவதி நெட்வொர்க்ஸ். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்திரண்டு பேர் வேலை செய்யும் கம்பெனி. அலுவலகங்களில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிகளைத் தயாரிக்கிறார்கள். புதுப் பெட்டி ஒன்றுக்குப் படம் வரைந்தவள் சௌம்யா. அது வெளிவருவதற்கு முன்பே, போட்டிக் கம்பெனி ஒன்று அச்சு அசலாக அதே பெட்டியின் படத்தைப் போட்டு விளம்பரம் கொடுத்துவிட்டது.

போன வியாழக்கிழமை முதலாளி ஜெயராமன் ஹாலின் நடுவில் நின்று, அத்தனை பேரும் கேட்க, "சோறு போட்ட எடத்துக்கே துரோகம் பண்ணிட்டியேம்மா" என்று கத்தினார். சீனியர் இன்ஜினியர் ராகேஷ் அன்றைக்கே எல்லோருக்கும் மெயில் அனுப்பினான். சௌம்யா மீது விசாரணை நடக்கிறது, அவளுக்கு எந்தக் கோப்பும் தர வேண்டாம் என்று. அதிலிருந்து அவளுக்கு ரிசப்ஷன் பெஞ்சுதான். தினமும் திருநின்றவூரில் ரயிலேறி வந்து, வருகைப் பதிவு இயந்திரத்தில் விரல் வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புகிறாள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

புகாரோடு சேர்த்துக் கொடுக்க ஆதாரம் வேண்டும் என்றுதான் ஜெயராமன் சாராளைக் கூப்பிட்டிருந்தார். அதாவது, திருடி யார் என்று அவரே முடிவு செய்துவிட்டார். கண்டுபிடிக்கும் வேலையை மட்டும் சாராளுக்கு விட்டுவைத்திருந்தார்.

சாராள் கையைத் துடைத்துக்கொண்டு சௌம்யாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். போட்டிக் கம்பெனியின் விளம்பரத் தாளை மடியில் விரித்தாள்.

"பெட்டி மூடியில அஞ்சு ஸ்க்ரூ ஓட்டை இருக்கே. அஞ்சு தேவையா?"

சௌம்யாவின் முகம் சிவந்தது. திருடி என்று சொன்னபோதுகூட அவள் இவ்வளவு கூசவில்லை. "நாலு போதும் மேடம். அஞ்சாவது என் தப்பு. போன மாசம் ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை, ரயிலைப் பிடிக்கிற அவசரத்துல அப்படியே சர்வர்ல ஏத்திட்டுப் போயிட்டேன். திங்கக்கிழமை காலையில பாத்து, தலையில அடிச்சுக்கிட்டு, அதை அழிச்சுட்டு சரியானதை ஏத்துனேன்."

"அப்போ அந்தப் படம் உயிரோட இருந்தது ரெண்டு நாள்."

"ஆமா மேடம்."

"ரெண்டு நாளும் ஆபீஸ் லீவு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ராகேஷ். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் எப்போதும் லேசான தலைவலி. "அதைத்தான் நானும் சொல்றேன். அந்தப் படம் அவங்களைத் தவிர யாருக்கும் தெரியாது."

"சார், நீங்க உங்க வீட்டுத் தோசையை விக்கிறதா இருந்தா கருகினதையா விப்பீங்க?" என்றாள் சாராள். "இந்தப் பொண்ணே வித்திருந்தா, தப்பைத் திருத்திட்டுத்தான் வித்திருக்கும். எடுத்தவனுக்கு எது சரி, எது தப்புன்னு தெரியல. கையில வந்ததை அப்படியே குடுத்துட்டான்."

ராகேஷ் அசரவில்லை. "சர்வர்ல என்ன நடந்தாலும் லாக்ல பதிவாகும். அந்தக் கோப்பைத் தொட்டது சௌம்யா லாகின் மட்டும். வேற புரோகிராம் காப்பி எடுத்திருந்தா பிராசஸருக்கு வேலை ஏறியிருக்கும். கிராஃப் தட்டையா இருக்கு."

"பிராசஸருக்குத் தெரியாம காப்பி எடுக்க முடியாதா?"

"முடியாது."

"முடியும்" என்றாள் சௌம்யா.

மிக மெதுவாகத்தான் சொன்னாள். ஐந்து நாள் யாரும் அவளிடம் எதையும் கேட்காததால் குரல் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. சாராள் அவள் பக்கம் திரும்பி, "எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா. எனக்குப் புரிஞ்சா செங்கல்வராயனுக்கும் புரிஞ்சிடும்" என்றாள்.

"நெட்வொர்க் வழியா டேட்டா பொட்டலம் பொட்டலமா வரும் மேடம். பாக்கெட்டுன்னு சொல்லுவோம். அது ஒவ்வொண்ணையும் பிராசஸர் தூக்கி வெச்சிக்கிட்டு இருக்காது. 'இன்ன இடத்துல வை'ன்னு முன்னாடியே சொல்லிடும். நெட்வொர்க் கார்டே நேரா மெமரியில கொண்டு போய் வெச்சிட்டு, 'வெச்சாச்சு'ன்னு ஒரு தகவல் மட்டும் குடுக்கும். டைரக்ட் மெமரி ஆக்சஸ். டி.எம்.ஏ.ன்னு சுருக்கிச் சொல்லுவோம்."

"தண்ணி கேன் போடறவன் மாரி" என்றான் செங்கல்வராயன். "ஊட்டுக்காரம்மா சீரியல் பாத்துக்கினே 'உள்ள வெச்சிடுப்பா'ன்னு சொல்லும். அவன் நேரா கிச்சனாண்ட போயி எறக்கிட்டு, 'போட்டாச்சும்மா'ன்னு ஒரு சவுண்டு குடுத்துட்டுப் போய்னே இருப்பான்."

"அதேதான் அண்ணா!" ஐந்து நாளில் முதல் தடவையாக சௌம்யா சிரித்துவிட்டாள்.

"சரி, அவன் பக்கத்து வீட்லயும் ஒரு கேன் இறக்கினா, அந்த அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் சாராள்.

சௌம்யாவின் சிரிப்பு நின்றது. பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டாள்.

"தெரியாது மேடம். கார்டையே அப்படிச் செஞ்சு வெச்சிருந்தா, வர்ற ஒவ்வொரு பாக்கெட்டையும் ரெண்டா காப்பி பண்ணும். ஒண்ணு மெமரிக்குப் போகும், இன்னொண்ணு வேற பக்கம் போகும். பிராசஸருக்கு ஒரே ஒரு 'வெச்சாச்சு'தான் கேக்கும். லாக் எழுதறது பிராசஸர். அதுக்குத் தெரியாததை அது எப்படி எழுதும்?"

ராகேஷுக்குத் தலைவலி சற்று அதிகமானது போலிருந்தது. "நம்ம சர்வர்ல இருக்கறது சாதாரணக் கார்டு. ஒரே போர்ட். நானே லிஸ்ட்ல பாத்திருக்கேன்."

"லிஸ்ட்ல பாத்திருக்கீங்க. கண்ணால?"

ராகேஷ் சர்வர் அறைப் பக்கம் திரும்பினான். சாவியைக் கொண்டு வரச் சொன்னான்.

சர்வர் அறை, ஒரு குளியலறையை விடக் கொஞ்சம் பெரியது. சாவி கொண்டு வந்த நடேசன் அந்தக் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து ஆபீஸ் உதவியாளர். அவர் கைவண்ணம் கதவிலேயே தெரிந்தது. போன ஆயுத பூஜைக்குப் போட்ட விபூதிப் பட்டையும் குங்குமமும் கதவுப்பிடி, சுவிட்ச் போர்டு, ஏசி, தீயணைப்புக் குப்பி என்று ஒன்று பாக்கியில்லாமல் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன.

"துடைக்கவே மாட்டீங்களாண்ணே?" என்று கேட்டான் செங்கல்வராயன்.

"அடுத்த பூஜைக்குத்தான் தொடைக்கணும். நடுவுல தொடைச்சா மெஷின் கோச்சுக்கும்" என்றார் நடேசன்.

செங்கல்வராயன் ஏசிக்கு நேர் எதிரே நின்று சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினான். சாராள் ஒரு பார்வை பார்த்ததும், துப்பறிவதுபோல் சர்வருக்குப் பின்னால் போய்க் குந்தினான். குந்தியவன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"தூங்கிட்டியா?"

"இல்லக்கா. சார், ஒரே ஓட்டைன்னு சொன்னீங்களே, இங்க ரெண்டு கீதே."

ராகேஷ் எட்டிப் பார்த்தான். கார்டின் இரண்டாவது போர்ட் மேல் கறுப்பு டேப் ஒட்டி, அதன்மேல் வெள்ளை எழுத்தில் 'ரிப்பேர்' என்று எழுதியிருந்தது.

"அது வேலை செய்யாத போர்ட்."

"வேலை செய்யாத ஓட்டையில இன்னாத்துக்கு சார் ஒயரு சொருவிக் கீது?"

எல்லோரும் குனிந்தார்கள். டேப்புக்குள்ளிருந்து ஒரு நீல வயர் நழுவி, சுவரோரமாகப் போன கேமரா வயர்களோடு சேர்ந்து, மேலே பொய்க்கூரைக்குள் மறைந்தது.

"அது கேமரா வயரா இருக்கும்" என்றார் நடேசன். "பூந்தமல்லியிலேர்ந்து தமிழரசுன்னு ஒரு கேமராக்காரரு வருவாரு. சனிக்கெழமைக்கு சனிக்கெழம. அவருதான் எல்லா ஒயரும் இழுத்தது."

சாராள் டேப்பை உரித்தாள். உள்ளே ஒரு பச்சை விளக்கு, முதல் போர்ட்டின் விளக்கோடு சேர்ந்து துடித்துக்கொண்டிருந்தது.

"சௌம்யா, ஏதாவது பெரிய கோப்பா ஒண்ணு சர்வருக்கு அனுப்பு."

சௌம்யா ராகேஷைப் பார்த்தாள். அவளுக்குத்தான் எந்தக் கோப்பும் கிடையாதே. ராகேஷ் தன் மடிக்கணினியை அவள் பக்கம் தள்ளினான். அவள் தட்டினாள். இரண்டு விளக்கும் படபடவென்று அடித்துக்கொண்டன. நிறுத்தினாள். இரண்டும் அடங்கின. மறுபடி அனுப்பினாள், மறுபடி நிறுத்தினாள்.

"ஒண்ணு கண்ணடிச்சா இன்னொண்ணும் கண்ணடிக்குது. ரெண்டும் லவ்வுக்கா" என்றான் செங்கல்வராயன்.

சர்வரை அணைத்துத் திறக்க முடிவாயிற்று. நெட் போனதும் அலுவலகமே கடமையில் குறுக்கிட்ட இந்தத் தடையை வன்மையாகக் கண்டித்துவிட்டு டீ குடிக்கப் போயிற்று. ராகேஷ் மூடியைக் கழற்றினான். சௌம்யா டார்ச் அடித்து உள்ளே குனிந்தாள்.

"சாதாரணக் கார்டு இல்ல சார் இது. நாம சொல்லிக் குடுக்கற மாதிரி வேலை செய்யற சிப் இருக்கு. காப்பி பண்றதுக்குன்னே போட்டது." பேச்சை நிறுத்தினாள். "மேடம், இது என்ன?"

சிப்பின் சூட்டை வெளியேற்றுவதற்காக மேலே ஓர் அலுமினியத் துண்டு பொருத்தியிருந்தது. அதன்மேல் சந்தனப் பொட்டு. சந்தனத்தின் நடுவில் குங்குமம். குங்குமத்தின் நடுவில், மஞ்சள் தடவிய ஒரே ஓர் அரிசி. சூட்டில் காய்ந்து வடகம் போல் ஆகியிருந்தது.

"ஐயோ, ஈரத்தைக் கொண்டு போய்க் கார்டு மேல வெச்சிருக்காங்களே! ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி வெச்சிருந்தா கார்டே போயிருக்கும்" என்று பதறினாள் சௌம்யா. திருட்டுக் கார்டாக இருந்தாலும் கார்டு கார்டுதான் என்பது அவள் கட்சி.

சாராள் குனிந்து அந்த அரிசியைப் பார்த்தாள். பிறகு, "நடேசண்ணே, இதை எப்பத் திறப்பீங்க?" என்றாள்.

"ஆயுத பூஜைக்கு மொத நாளு மட்டும். தூசி ஊதறதுக்கு."

"சௌம்யா எப்போ வேலைக்குச் சேர்ந்துச்சு?"

"தீவாளி முடிஞ்சு" என்றான் ராகேஷ். சொல்லும்போதே அவன் குரல் இறங்கியது. ஆயுத பூஜை, தீபாவளிக்கு முன்னால் வந்துவிட்டது. பொட்டு வைத்தபோது அந்தக் கார்டு உள்ளே இருந்தது. சௌம்யா இல்லை.

"இந்தப் பொட்டு நீங்க வெச்சதாண்ணே?"

நடேசன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. "நான் பட்டை போடாம பொட்டு வெக்க மாட்டேன். அரிசியெல்லாம் நம்ம கையில கெடையாது. வாசல்ல வெரல் வெக்கிற மெஷினு கீது பாரு, அதுக்கு மட்டும் மொதப் பொட்டு மொதலாளி வெப்பாரு. அவுருதான்..."

அவர் சட்டென்று வாசல் பக்கம் திரும்பினார். ஐந்து பேரும் வாசலுக்குப் போனார்கள். வருகைப் பதிவு இயந்திரத்தின் நெற்றியில் சந்தனம், குங்குமம், நடுவில் ஒரு மஞ்சள் அரிசி. ஐந்து மாதமாக இருபத்திரண்டு பேரும் காலையும் மாலையும் அதற்குக் கீழேதான் விரல் வைத்திருக்கிறார்கள்.

"அக்கா" என்று செங்கல்வராயன் அவளைத் தனியே இழுத்தான். "நம்மளக் கூப்ட்டதே அந்த ஆளுதானே? அவுரே திருடி, அவுரே போலீஸுக்குப் போயி... இன்னாக்கா இது, தலையே சுத்துது."

"சுத்தட்டும். ஒரு டீ சொல்லு."

நாலு மணிக்குச் சரியாக ஜெயராமன் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையக் குங்குமம், கையில் எலுமிச்சம்பழம். அம்பத்தூரில் கொடிகட்டிப் பறந்த விவசாயக் குடும்பம் அவருடையது. நிலம் போனபின் கம்பெனி வைத்தார். மெஷின்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மரியாதை வைத்திருந்தார்.

"ஆதாரம் கெடச்சுதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே கேபினைத் திறந்து உட்கார்ந்தார். புகாரை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

"கிடைச்சுது சார். ஒரே ஒரு சந்தேகம். போன ஆயுத பூஜைக்கு எந்த மெஷினையாவது பொட்டு வெக்காம விட்டீங்களா?"

"நானா? ஸ்டேப்ளர் பின்னக்கூட உடல. வருஷம் பூரா ஒழைக்குது, அதுக்கு ஒரு பொட்டு வெக்கலன்னா எப்டி?"

"உள்ளே ஒளிஞ்சு உழைக்கிறதுக்கும் வெச்சீங்களே, அதைக் கேக்கறேன்."

பேனா நின்றது. அவர் சாராளைப் பார்த்தார், செங்கல்வராயனைப் பார்த்தார், பிறகு சுவரிலிருந்த சாமி படத்தைப் பார்த்தார். சாராளும் அதைத்தான் பார்த்தாள். படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு நீல வயரின் நுனி எட்டிப் பார்த்தது.

"எல்லாத்துக்கும் வெச்சிட்டு அதுக்கு மட்டும் வெக்காம உட்டா..." ஜெயராமன் பேனாவை மூடினார். "மனசு கேக்கலம்மா."

பிறகு அவரே எல்லாவற்றையும் சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன் ஓர் இன்ஜினியர் கம்பெனிப் படங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதிலிருந்து யாரையும் நம்ப முடியவில்லை. கேமரா மாட்ட வந்த தமிழரசு, 'ஆபீஸ்ல போற வர்ற எல்லாத்துக்கும் ஒரு காப்பி உங்க ரூமுக்கே வர்ற மாதிரி பண்ணித் தரேன் சார், யாருக்கும் தெரியாது' என்றான். கார்டையும் அவனே கொண்டு வந்து மாட்டினான். சாமி படத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு டிஸ்க்.

"அதை என்னைக்காவது திறந்து பாத்தீங்களா சார்?"

"எனக்கு வாட்ஸ்அப்பே ரிசப்ஷன் பொண்ணுதான் போட்டுக் குடுத்துச்சு. தொறந்து இன்னா பாக்கறது? காப்பி இருக்குதுன்னு ஒரு தைரியம். அவ்ளோதான்."

"டிஸ்க் ரொம்பிடுமே சார், அப்போ?" என்றான் செங்கல்வராயன்.

"சனிக்கெழம தமிழரசு வருவான். ரொம்புனத எடுத்துக்கினு போயி அழிச்சிட்டு, காலி டிஸ்கு ஒண்ணு வெப்பான்." சொல்லிவிட்டு நிமிர்ந்தார். சாராள் எதை யோசிக்கிறாள் என்பது அவருக்கே புரிந்துவிட்டது. "சேச்சே. தமிழரசு அப்டிப்பட்ட ஆளு இல்ல. என் முன்னாடி கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணினவன். படிக்காமத்தான் அழிப்பேன்னு."

"அஞ்சு ஓட்டை போட்ட படம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சர்வருக்குப் போச்சு. சனிக்கிழமை உங்க டிஸ்க் பூந்தமல்லிக்குப் போச்சு. திங்கக்கிழமை திருத்தினது அதுல இல்ல. போட்டிக் கம்பெனிக்கு அஞ்சு ஓட்டைதான் போயிருக்கு."

"தற்செயலா இருக்கும்மா. நல்ல பையன் அவன்."

"அப்போ அவருக்கே ஒரு போன் போடுங்க. ஸ்பீக்கர்ல. டிஸ்க் ரொம்பிடுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒரு வார்த்தை பேசாதீங்க."

ஜெயராமன், அவன் நல்லவன் என்று நிரூபிக்கும் ஆசையோடு போட்டார்.

"சொல்லுங்க சார்" என்றது தமிழரசின் குரல். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"டிஸ்கு ரொம்பிடுச்சு தமிழரசு."

"அதுக்குள்ளயா? சனிக்கெழமதானே சார் மாத்துனேன். சரி, நாளைக்குப் பத்து மணிக்கா வந்து எடுத்துக்கறேன்." கொஞ்சம் இடைவெளி. "சார், அந்த சௌம்யா மேல கம்ப்ளெய்ண்ட் குடுத்துட்டீங்களா? தள்ளிப் போடாதீங்க சார். அந்த மாரி ஆளுங்கள உள்ள வெச்சிக்கினு இருந்தா கம்பெனிக்கு டேஞ்சரு."

ஜெயராமனின் கையிலிருந்த எலுமிச்சம்பழம் உருண்டு மேஜைக்குக் கீழே போயிற்று. சாராள் ஒரு தாளில் 'சரி என்று சொல்லி வைத்துவிடுங்கள்' என்று எழுதிக் காட்டினாள். அவர், "சரிப்பா" என்று வைத்துவிட்டார்.

"நான் அவங்கிட்ட அந்தப் பொண்ணு பேரச் சொல்லவே இல்லியே."

"வேற யாராவது சொல்லியிருப்பாங்களா?"

"சனிக்கெழம ஆபீஸே லீவு. நானும் அவனும்தான் இருப்போம். பூட்டத் தொறந்து வுட்டுட்டு நான் கோயிலுக்குப் போயிடுவேன்." அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எப்டிம்மா தெரிஞ்சுது அவனுக்கு?"

"வியாழக்கிழமை ராகேஷ் எல்லாருக்கும் மெயில் அனுப்பினார். அதுக்கும் உங்க கார்டு ஒரு காப்பி எடுத்து உங்க டிஸ்க்ல போட்டுது. படிக்காம அழிக்கிறவனுக்கு இந்தப் பேர் தெரிஞ்சிருக்காது சார்."

நாளைக்குப் பத்து மணிக்கு, டிஸ்க் எடுக்க வரும் தமிழரசுக்காகப் போலீஸ் இங்கே காத்திருக்கும். அது பெரிய காரியமில்லை. ஜெயராமனுக்கு இன்றைக்கு முடிக்க வேண்டிய காரியம்தான் பெரிதாக இருந்தது. அவர் புகாரை நாலாகக் கிழித்தார். கிழித்த துண்டுகளை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ண உள்ள கூப்டும்மா. ஒரு வார்த்த சொல்லிடறேன்."

"திட்டினது எங்க வெச்சு சார்?"

"ஹால்ல."

சாராள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

அவர் வெளியே வந்தபோது நெட் திரும்பி வந்து, டீயும் முடிந்து, ஹாலில் எல்லோரும் இருந்தார்கள். ராகேஷ் நின்றுகொண்டிருந்தான். சௌம்யா ரிசப்ஷன் பெஞ்சிலிருந்து எழுந்தாள். பயத்தில் அவள் உதடு வெளுத்திருந்தது. அந்த நிமிடம்வரை அவளிடம் யாரும் முடிவைச் சொல்லவில்லை.

"சௌம்யா எதையும் திருடல" என்றார் ஜெயராமன். "நாந்தான் உங்களுக்குத் தெரியாம, நீங்க அனுப்பறது எல்லாத்தயும் காப்பி எடுத்து வெச்சிக்கினு இருந்தேன். எங்கிட்டேர்ந்துதான் வெளிய போயிருக்கு. தப்பு பூரா என்னுது."

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. அடுத்த நொடி, முதலாளியைப் பற்றி ஒருவருக்கொருவர் என்னென்ன மெயில் அனுப்பினோம் என்று இருபது பேரும் ஞாபகப்படுத்திப் பார்க்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது வரிசையில் ஒருவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மன்னிச்சிடும்மா" என்றார் ஜெயராமன்.

சௌம்யா அழுவாள் என்று செங்கல்வராயன் நினைத்தான். கைக்குட்டையைக்கூட எடுத்துவிட்டான். அவள் அழவில்லை.

"இதை மெயில்ல போடுங்க சார். எனக்கு எதையும் குடுக்காதீங்கன்னு மெயில்லதான் போச்சு. இன்னைக்கு லீவுல இருக்கறவங்க ரெண்டு பேர். வெளியூர் ஆபீஸ்ல நாலு பேர். அவங்களுக்கு நான் இன்னும் திருடிதான்."

"எனக்கு டைப் பண்ணத் தெரியாதேம்மா."

"நான் பண்றேன். நீங்க சொல்லுங்க."

அவள் தன் பழைய இடத்துக்குப் போனாள். ஐந்து நாள் தூசியைப் புறங்கையால் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். ஜெயராமன் பக்கத்தில் நின்றார். கிழித்த தாள்கள் இன்னும் கையில் இருந்தன. அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். காப்பி எடுத்தது, கார்டு, டிஸ்க், தமிழரசு எல்லாம் வந்தன. தமிழரசு பேர் இப்போது வேண்டாம் என்றாள் சாராள், அது மட்டும் அழிந்தது. கடைசியில் அவர் தயங்கினார். வாயால் சொல்லிவிட்ட வார்த்தை, அவர் பெயரோடு எழுத்தில் இருபத்தாறு பேருக்குப் போகப் போகிறது. அவர் வம்சத்தில் யாரும் எழுதிக் கொடுத்ததில்லை.

சௌம்யாவின் விரல்கள் எழுத்துப் பலகை மேல் காத்திருந்தன. திரும்பிப் பார்க்காமல், "அடுத்து என்ன சார்?" என்றாள்.

"சௌம்யாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்" என்றார் ஜெயராமன். எழுத்துத் தமிழிலேயே சொன்னார்.

அவள் அடித்தாள். ஒரு முறை படித்துப் பார்த்தாள். அனுப்பினாள். ஹாலில் இருந்த கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக 'டிங்' என்றன.

கடைசி 'டிங்' அடங்கியதும் சௌம்யா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சத்தமாக அழுதாள். ராகேஷ் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டு வந்து அவளருகில் வைத்தான். அவனுக்கும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அவள் தலை நிமிரும்வரை அங்கேயே நின்றான்.